கயிறு, துடுப்பு, பாதம்: நீரடி உழைப்பு குறித்துச் சில குறிப்புகள்

நண்பர் ஒருவர் அந்தமானுக்கு ஸ்கூபா முக்குளிக்கப் போகிறார். பத்து நாள் விடுப்பு, இரண்டு வருடமாகச் சேர்த்த பணம். போவதற்கு முன்னால் ஒரு கடையின் விலைப்பட்டியலைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். காலில் மாட்டிக்கொள்ளும் துடுப்புகளுக்கு மட்டும் பல பக்கங்கள். குளிர்ந்த நீருக்கு ஒன்று, நீரோட்டத்துக்கு ஒன்று, குகைக்கு ஒன்று, பவளப்பாறைக்கு ஒன்று, விமானத்தில் பயணம் போகிறவனுக்கு ஒன்று. 'நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, எத வாங்குறதுன்னு பாத்துச் சொல்லு' என்றார். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தபடி வாங்கி வைத்துக்கொண்டேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது.

விலைப்பட்டியலும் ஒரு பிரதிதான். அது ஒரு 'உங்களை' நோக்கிப் பேசுகிறது. அந்த 'உங்களுக்கு'ப் பணம் இருக்கிறது, ஓய்வு இருக்கிறது, பெட்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதுதான் கவலை. 'உங்கள் நீருக்கேற்ற துடுப்பைத் தேர்ந்தெடுங்கள்' என்று அது சொல்லும்போது, அந்த நீரில் ஏற்கெனவே இறங்கியவர்கள் எவரும் அங்கே தென்படுவதில்லை. அவர்கள் எதைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள், யாருக்காக இறங்கினார்கள், யார் அவர்களை மேலே இழுத்தார்கள் என்ற கேள்விகளோடு அந்தப் பக்கங்களைத் திருப்பிப் படிக்கும் முயற்சிதான் இது.

1

துடுப்புக்கு முன்னால் கயிறு இருந்தது.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்வோம். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து நிற்கிறான் குளியாளி. கல் அவனைக் கீழே கொண்டுபோகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம், கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் அள்ளுகிறான். கயிற்றைச் சுண்டுகிறான். படகில் நிற்கும் ஆள் இழுக்கிறான். இந்த இழுப்பாளை ஆங்கில அரசின் ஆவணங்கள் 'மண்டக்' என்று குறிப்பிடுகின்றன. இறங்குவது கல்லின் வேலை, ஏறுவது இன்னொருவன் கையின் வேலை. இந்த முழு நிகழ்விலும் குளியாளியின் கால்களுக்கு அநேகமாக வேலையே இல்லை.

இது கவனத்திற்குரியது. பல நூற்றாண்டுகள் ஆழத்துக்குப் போய்வந்தவர்களுக்குக் கால்துடுப்பு தோன்றாமல் போனதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. அவர்களுடைய தொழில்நுட்பம் வேறு இடத்தில் இருந்தது. இரண்டு பேருக்கிடையிலான உறவில் இருந்தது. ஒருவனுடைய மூச்சு மற்றவன் கையில். அந்த உறவை நாம் கொண்டாடிவிடவும் கூடாது. கயிற்றின் மேல்முனை இழுப்பாளோடு முடிந்துவிடுவதில்லை. அவனுக்கு மேலே படகுக்காரன், அவனுக்கு மேலே ஏலம் விடும் அரசு. பிரிட்டிஷ் காலத்து இலங்கை முத்துக்குளிப்பில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டது. சுறா வராமல் கடலைக் கட்டுவதாகச் சொன்ன 'கடல்கட்டி'க்குக்கூட அதே அரசுதான் சம்பளம் கொடுத்தது. குளியாளியின் பயத்தையும் வரவு செலவுக் கணக்கில் எழுதிவைத்த நிர்வாகம் அது.

ஆக, கயிறு உயிரைக் காப்பாற்றியது, கட்டியும் வைத்தது. கால்துடுப்பின் வரலாற்றை இந்தக் கயிறு அவிழ்ந்துபோன கதையாகவும் படிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

2

ஐரோப்பிய வரலாறுகள் துடுப்பின் கதையை மேதைகளின் வரிசையாகச் சொல்லும். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் பொரெல்லி, நீருக்குள் போகும் மனிதனுக்குக் காலில் மாட்டும் விரிந்த பாதங்களைக் கற்பனை செய்தார். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சிறுவயதுச் சோதனையைப் பதிவுசெய்தார். சுமார் 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்ட முட்டை வடிவப் பலகைகள் இரண்டு, கட்டைவிரல் நுழைய ஓர் ஓட்டை. வேகம் கிடைத்தது, மணிக்கட்டு நொந்துபோனது. காலிலும் ஒருவகைச் செருப்பைக் கட்டிப் பார்த்தார், திருப்தியில்லை. நீந்தும்போது தண்ணீரைத் தள்ளுவதில் கணுக்காலுக்கும் பாதத்தின் உட்புறத்துக்கும் பங்குண்டு, உள்ளங்காலில் மட்டும் பலகையைக் கட்டிப் பயனில்லை என்று காரணம் சொன்னார்.

இந்தக் காரணத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஃபிராங்க்ளின் விவரிப்பது தவளைபோல் கால்களை விரித்து மூடும் நீச்சல். அக்கால ஐரோப்பியக் கனவான்களுக்கு நீச்சல் என்றால் அதுதான். காலை மேலும் கீழும் அடித்துப் போவது அவர்களுக்கு அநாகரிகம். 1844இல் லண்டனுக்கு அழைத்துவரப்பட்ட வட அமெரிக்கப் பூர்வகுடி நீச்சல்காரர்கள் அப்படிக் காலடித்து வேகமாக நீந்திக் காட்டினார்கள். பத்திரிகைகள் அதை விகாரம் என்று எழுதின. பிற்பாடு 1900ஐ ஒட்டி, சாலமன் தீவுகளில் பிறந்த அலிக் விக்கம் என்ற இளைஞர் சிட்னியில் நீந்தியதைப் பார்த்துத்தான் 'ஆஸ்திரேலிய' நீச்சல் என்று உலகம் அழைத்த முறை உருப்பெற்றது. மார்சல் மோஸ் உடலின் நுட்பங்கள் பற்றி 1934இல் ஆற்றிய உரையில், தன் தலைமுறைக்குள்ளேயே நீந்தும் முறை மாறிப்போனதை ஓர் உதாரணமாகச் சொல்கிறார். உடல் இயல்பாகச் செய்வதாக நாம் நம்பும் அசைவும் சமூகம் கற்றுக்கொடுத்ததுதான் என்பது அவர் வாதம்.

வளையும் துடுப்பு முழுப் பலன் தருவது இந்த மேலும் கீழுமான காலடிப்பில். ஆகவே துடுப்பு வருவதற்கு முன்பே அதற்கான கால் வேறெங்கோ தயாராகியிருந்தது. அதில் கணிசமான பங்கு பசிபிக் தீவுகளுடையது.

இப்போது காப்புரிமைக்கு வருவோம். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி து கொர்லியு 1933இல் ஒரு காப்புரிமை பதிந்தார். அவர் வைத்த பெயரில் மீனும் இல்லை, வாத்தும் இல்லை. நீந்தவும் உயிர்காக்கவுமான 'உந்திகள்' என்று இயந்திரத்துக்கு வைப்பதுபோல் வைத்தார். தயாரித்து விற்க ஆண்டுக்கணக்கில் அலைந்து 1939இல்தான் உற்பத்தி தொடங்கியது. அதே காலத்தில் ஓவன் சர்ச்சில் என்ற அமெரிக்கர் வருகிறார். 1932 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் தங்கம் வென்றவர், வசதியானவர். டஹிட்டியில் தீவுப் பையன்கள் தாங்களே செய்த துடுப்பைக் காலில் கட்டிக்கொண்டு நீந்துவதைப் பார்த்தார், ஊர் திரும்பி ரப்பரில் செய்தார் என்பது கதை. து கொர்லியுவிடம் உரிமம் பெற்று, பெயரையும் மாற்றி, மீன் துடுப்பைக் குறிக்கும் சொல்லால் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

அந்தப் பையன்கள் எதனால் துடுப்பு செய்திருந்தார்கள்? ஓலையைப் பின்னித் தாரில் தோய்த்தார்கள் என்று ஒரு பிரதி சொல்கிறது. ரப்பரை உலோகப் பட்டையால் இறுக்கினார்கள் என்று இன்னொரு பிரதி. இரண்டு பிரதிகளிலும் மாறாதது ஒன்றுதான். பையன்களுக்குப் பெயர் இல்லை. டஹிட்டி 1880இலிருந்து பிரான்சின் காலனி. பிரெஞ்சு அதிகாரியும் அமெரிக்கக் கனவானும் உரிமம் பற்றிப் பேசிக்கொண்டபோது மூன்றாவது நாற்காலி போடப்படவே இல்லை. பின்னாளில் து கொர்லியு தன் உரிமையை மீறியதாகப் பலர்மீதும் வழக்குத் தொடுத்து அலைந்தார். வழக்குப் போட அவருக்கு ஒரு காகிதமாவது இருந்தது.

தமிழில் இந்தச் சிக்கல் சுவாரசியமாகக் கலைகிறது. நமக்குப் படகைத் தள்ளுவதும் துடுப்பு, மீனின் உடம்பில் இருப்பதும் துடுப்பு. கொரியாவில் அதை 'வாத்துக்கால்' என்கிறார்கள். எந்த மொழியும் அதைக் கண்டுபிடித்தவனின் பெயரால் அழைக்கவில்லை. அதுவே ஒரு தீர்ப்புத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

3

சர்ச்சிலின் துடுப்பைப் பெரிய பொருளாக்கியது போர். அமெரிக்கக் கடற்படையும் பிரிட்டிஷ் படையின் ரகசிய நீச்சல்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். கரையில் படை இறங்குவதற்கு முன்பாக ஆழம் அளக்கவும் தடைகளைத் தகர்க்கவும் ஆட்கள் நீந்திப் போனார்கள். 1944-45இல் பசிபிக் தீவுகளின் பவளத் திட்டுகளில் அவர்கள் காலடித்தபோது, ஒரு தீவிலிருந்து போன பொருள் அயல் ராணுவத்தின் காலில் தீவுகளுக்குத் திரும்பி வந்திருந்தது.

அந்தக் காலத்துத் துடுப்பு ரப்பர். 1930களில் உலகச் சந்தைக்குப் போன ரப்பரின் பெரும்பகுதி மலேயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கைத் தோட்டங்களிலிருந்து போனது. மலேயாவில் விடிவதற்கு முன் எழுந்து மரத்தைக் கீறிய கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். 1942இல் ஜப்பான் மலேயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பர் அறுந்துபோய்ச் செயற்கை ரப்பருக்கு அது ஓடியது வரலாறு. அதே தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்டதும் வரலாறு. துடுப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ரப்பர் என்ற சொல்லைத் தாண்டி மரம்வரை போவதில்லை.

1943இல் கூஸ்தோவும் எமில் கானியானும் சேர்ந்து மூச்சுக்கருவியை உருவாக்கினார்கள். காற்று முதுகில் ஏறியது, துடுப்பு காலில் இருந்தது. மேலிருந்து குழாயோ கயிறோ வேண்டியதில்லை. தலையில் செப்புக் கவசமும் காலில் ஈயச் செருப்பும் போட்டுக் கடலடியில் நடந்த பழைய முக்குளிப்பாளனின் இடத்தில் மிதக்கும் மனிதன் வந்தான். 'விடுதலை' என்று இதைக் கொண்டாடினார்கள். விடுதலைதான், மறுக்கவில்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி.

4

இனி நண்பரின் பட்டியலைத் திறக்கலாம்.

அடிப்படை எளியது. வெறும் பாதம் கொஞ்சம் தண்ணீரைத்தான் தள்ளும். அகன்ற தகடு நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளும். கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவதில் உழைப்பு மிச்சம். தகடு விறைப்பாக இருந்தால் நீரோட்டத்தில் பலம் கிடைக்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வளைந்துகொடுத்தால் கால் நோகாது, ஓட்டம் வலுத்தால் முன்னேற்றம் இருக்காது. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் பேரம்.

குளிர்நீருக்குச் சொல்லப்படுவது குதிகால் திறந்த வகை. பூட்ஸ் போட்ட காலில் வாரால் மாட்டுவது. பாறைக் கரையில் நடந்து இறங்கவும் உதவும். உடம்பு நனையாத உலர் உடை போடுகிறவனுக்குக் காற்று காலுக்கு ஏறிக் கால் மேலே தூக்கும். அதனால் கனமான ரப்பர் துடுப்பே அங்கே நல்லது. 1964இல் மார்செய் நகரின் ஜார்ஜ் பெஷா தகட்டில் துளைகள் விட்டுச் செய்த 'ஜெட்' வகையின் வாரிசுகள் இன்றும் விற்கின்றன. குகைக்குள் போகிறவர்களுக்கும் அதுபோன்ற குட்டையான விறைத்த துடுப்புத்தான் பிடிக்கும். குகைத் தரையில் படிந்த வண்டல் ஒரு தப்படியில் கிளம்பினால் வெளியே போகும் வழி மறைந்துவிடும். ஆகவே அங்கே மேலும் கீழும் அடிப்பதில்லை, பக்கவாட்டில் தவளைபோல் உதைக்கிறார்கள். ஃபிராங்க்ளினின் கால் இங்கே திரும்பி வந்துவிடுகிறது. குகையில் வழிகாட்டுவது எது? நுழைவாயிலிலிருந்து கட்டிக்கொண்டு போகும் ஒரு கயிறு. துடுப்பின் வார் நுனி தொங்கினால் அதில் சிக்கும் என்று அதையும் மடக்கி ஒட்டுகிறார்கள். எல்லாக் கயிற்றையும் விட்டவர்கள்கூட இருட்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

தகட்டை நடுவில் பிளந்த வகை ஒன்றுண்டு. சின்னச் சின்னக் காலடிப்புக்குச் சுகம். பக்கவாட்டு உதைக்கும் பின்னோக்கிப் போவதற்கும் உதவாது. மூச்சடக்கி ஆழம் போகிறவர்களுக்கு நீண்ட தகடு, பெரும்பாலும் கரிநாரில் செய்தது. அது சாதாரணப் பெட்டிக்குள் அடங்காது. வெதுவெதுப்பான நீரில் படகிலிருந்து குதிக்கிறவனுக்கு வெறுங்காலில் செருப்புபோல் மாட்டும் வகையே போதும், இலேசும்கூட. 'பயணத் துடுப்பு' என்று தனியே விற்பது குட்டையாகவும் எடை குறைவாகவும் செய்தது. அதன் நீளத்தை முடிவுசெய்ததில் கடலுக்கு இருக்கும் பங்கு விமானக் கம்பெனியின் எடைத்தராசுக்கும் இருக்கிறது. பலமான நீரோட்டத்தில் அது திணறும் என்பதைப் பட்டியல் சின்ன எழுத்தில்தான் போடுகிறது.

பவளப்பாறையைப் பற்றி ஒரு சொல். சுற்றுலா முக்குளிப்பாளர்கள் பவளத்தை இடிப்பதில் அதிகம் இடிப்பது துடுப்பு. தன் உடம்பு கணுக்காலோடு முடியவில்லை, ஓர் அடி தள்ளி முடிகிறது என்பது புதியவனுக்கு மறந்துபோகிறது. பல பத்தாண்டுகள் வளர்ந்த கிளை ஒரு உதையில் ஒடியும்.

5

பட்டியலில் இல்லாத துடுப்புகளும் உண்டு.

பிலிப்பைன்ஸில் மீனுக்காக இறங்குகிறவர்கள் ஒட்டுப்பலகையை வட்டமாகவோ நீளவாக்கிலோ அறுத்து, ரப்பர் வாரடித்துக் காலில் மாட்டிக்கொள்கிறார்கள். படகில் ஒரு காற்றமுக்கி ஓடும், பிளாஸ்டிக் குழாயின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போவார்கள். வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டையும் முதுகுத்தண்டையும் தாக்கும். ஹோண்டுராஸின் மிஸ்கிட்டோ மக்கள் சிங்கி இறால் எடுக்கத் தொட்டியும் துடுப்பும் மாட்டி இறங்குகிறார்கள். இறால் போவது ஏற்றுமதிக்கு. ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்கி முடமானவர்களும் செத்தவர்களுமாக 42 பேரின் வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம்வரை போய், 2021இல் ஹோண்டுராஸ் அரசு தன் பொறுப்பை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. இவர்களிடம் நண்பரின் பட்டியலில் உள்ளதைப் போன்ற கருவிகள்தான் இருந்தன. தேர்வு மட்டும் இல்லை. எத்தனை முறை இறங்குவது, எப்போது நிறுத்துவது என்பது அவர்கள் கையில் இல்லை.

நேர் எதிராக ஒரு கதை. கொரியாவின் ஜெஜூத் தீவில் மூச்சடக்கி முக்குளிக்கும் பெண்களுக்கு ஹேன்யோ என்று பெயர். ஜப்பானிய ஆட்சியில் தங்கள் விளைச்சலைச் சுரண்டிய அமைப்புக்கு எதிராக 1932இல் தெருவில் இறங்கியவர்கள். 1970களில் ரப்பர் உடை வந்தது. பருத்தி உடையில் குளிர் விரட்டிய இடத்தில் இப்போது மணிக்கணக்கில் நீரில் இருக்க முடிந்தது. வருமானம் கூடியது, தலைவலியும் மாத்திரையும் கூடவே வந்தன. உடையையும் துடுப்பையும் ஏற்றுக்கொண்டார்கள். காற்றுத்தொட்டியை மட்டும் வேண்டாம் என்று விட்டார்கள். தொட்டி வந்தால் ஒருத்தி பத்துப் பேருடையதை அள்ளிவிடுவாள், கடலும் தாங்காது. எப்போது இறங்குவது, எவ்வளவு சிறியதை விட்டுவிடுவது என்பதையும் கூடித்தான் முடிவுசெய்கிறார்கள். கருவியைத் தேர்வது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான். அது கடையில் நடக்கவில்லை, கூட்டத்தில் நடந்தது.

நம் கரைக்கு வருவோம். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். மன்னார் வளைகுடாவில் சங்கும் கடலட்டையும் எடுக்க இறங்கியவர்கள் அலுமினியத் தகட்டைப் பாதத்தில் கட்டிக்கொண்டார்கள் என்று படித்ததைச் சொல்லிக் கேட்டேன். பரண்மேலிருந்து ஒரு சோடியை எடுத்துக் காட்டினார். ஓரம் மழுங்கியிருந்தது, வார் போட்ட இடத்தில் துணி சுற்றியிருந்தது.

'கடையில விக்கிறது வாங்கலியா ஐயா?'

'வெலயக் கேட்டாக் கடல்ல எறங்கவே தோணாது தம்பி. இது காலக் கிழிக்கும். கிழிச்சா என்ன, சங்கு கெடச்சாச் சரி.'

கல்லும் கயிறும் பற்றிக் கேட்டேன். அது அவர் அப்பா காலம். 'அப்ப மேல ஒருத்தன் கயித்தையே பாத்துக்கிட்டு இருப்பாமுல்லா. அவனுக்குப் பங்கு குடுக்கணும். தகடு வந்தப்புறம் பங்கு மிச்சம். ஆனா நாமளே போயி நாமளே வரணும். வரலன்னா சாயங்காலம் கணக்குப் பாக்கும்போதுதான் தெரியும்.'

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001இல் கடலட்டை பிடிப்பது தடைசெய்யப்பட்டது. கடல் அழிந்துகொண்டிருந்தது உண்மை, காக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தகடு கட்டியவனை அழைத்து உட்காரவைத்து ஜெஜூவில் நடந்ததுபோல் ஒரு கூட்டம் இங்கே நடந்ததா என்று பெரியவரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். சட்டம் வந்து சேர்ந்ததே ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனபோதுதானாம்.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தமானில் நீர் வெதுவெதுப்பு, படகிலிருந்து இறங்கப் போகிறீர்கள், காலுக்குச் சரியாகப் பொருந்தும் செருப்பு வகை போதும். கடையில் நின்றபடி போட்டுப் பார்க்காதீர்கள், உட்கார்ந்து காலை நீட்டி அசைத்துப் பாருங்கள், விரல் நெரிந்தாலோ குதிகால் வழுக்கினாலோ வேண்டாம். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், முதல் பயணத்துக்கு அதுவே நல்லது. பவளத்துக்குப் பக்கத்தில் போனால் காலடிப்பதை நிறுத்துங்கள். படகில் உங்கள் தொட்டியைத் தூக்கிக் கொடுக்கும் பையனின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொன்னது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. திரும்பி வந்ததும் கேட்கப் போகிறேன்.